கேரட் லாரியும் திருமூர்த்தியின் கையும்

பீளமேட்டில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து பாருங்கள். ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு, ஏறினால் ஒரே அறை. அங்கே கம்ப்யூட்டருக்கு முன்னால், தயிர்சாத டப்பாவைத் திறக்க மறந்துபோய், யாரோ ஒருவருடைய கல்யாணத்தை எடிட் செய்துகொண்டிருப்பவள்தான் மோகனப்பிரியா. பக்கத்தில் ஹெட்போனோடு சத்தங்களைச் சரிசெய்பவன் அமிர்தராஜ், அதாவது நான். ஞாயிறு காலை சர்ச்சில் கீபோர்டு, மற்ற நேரமெல்லாம் அவள் வீடியோவின் நாதஸ்வரம்.

கல்யாண வீடியோவில் அவளை அடிக்க இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அவளுக்கு ஒரே சட்டம்தான்: வந்த ஒருத்தர் முகமும் விட்டுப்போகக் கூடாது. ஒருமுறை, மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் உட்கார்கிற இணைச்சீர்ச் சடங்கைக் கொஞ்சம் சுருக்கிவிட்டாள். மாப்பிள்ளையின் அக்கா போன் போட்டு அழுத அழுகை இருக்கிறதே! அன்றிலிருந்து பந்தியில் ரசம் ஊற்றுகிறவர்கூட அவள் வீடியோவில் இரண்டு தடவை வருவார்.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு சினிமா ஆசை. அதைக் கிளப்பிவிட்டவர் கதிர்வேல். அவிநாசிக்காரர், பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். சொந்தபந்தங்களையே நடிக்கவைத்து ஒரு படம் எடுத்துவிட்டார். ஊட்டியிலிருந்து கேரட் மூட்டையோடு இறங்குகிற லாரி, மேட்டுப்பாளையம் வந்து சேர்வதற்குள் மாயமாகிவிடுகிறது. அதுதான் கதை. லாரி ஓனராக நடித்தவர் அவருடைய சித்தப்பா திருமூர்த்தி. நிஜத்திலும் லாரி அவருடையதுதான். அதைவிட முக்கியம், எங்களுக்கு வருகிற கல்யாண ஆர்டரில் முக்கால்வாசி அவர் சொல்லி அனுப்புவது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு தியேட்டர்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மேட்னி இடைவேளை விட்டதுமே ட்ரெய்லரைப் போடுகிறேன், ஜனம் பப்ஸ் வாங்க ஓடாமல் பார்த்தால் வெள்ளிக்கிழமை ஒரு ஷோ தருகிறேன், ஓடினால் என்னை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பப்ஸோடு போட்டி போடுவது லேசான காரியமா?

கதிர்வேல் எங்களை நம்பி ஒப்படைத்த ட்ரெய்லரை மோகனப்பிரியா முதலில் வெட்டியதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. திருமூர்த்தி சிரிக்கிறார், கதிர்வேலின் அத்தை தெய்வாத்தாள் கும்பிடுகிறார், ஒன்றுவிட்ட மச்சான் வரைக்கும் வரிசையாக வருகிறார்கள். கடைசியில் லாரியைத் திருடியவனும் வந்து சிரிக்கிறான். ரிசப்ஷன் வீடியோவேதான், மாலை மட்டும்தான் குறைச்சல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் நான் போனபோது ஸ்கிரீனில் ஒரு முகம்கூட இல்லை.

"கல்யாண வீடியோவ அங்க வந்தவங்கதானுங்கண்ணா பாக்கறாங்க," என்றாள். "இதப் பாக்கப்போறவங்க வராதவங்க. அவங்களுக்குத் திருமூர்த்தி ஐயா யாருன்னே தெரியாது. லாரி எங்க போச்சுன்னுதான் தெரியோணும்."

"அவரு கோவிச்சுக்கிட்டா கல்யாண ஆர்டரெல்லாம் போச்சு அம்மணி."

"தெரியுமுங்கண்ணா." மவுஸை விடாமல் அடுத்த ஷாட்டை இழுத்தாள்.

அப்போது எனக்கும் பிடித்துக்கொண்டது ஒரு வெறி. சந்தையிலிருந்து கேரட் மூட்டை ஒன்றை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், தகரத்தைச் சாய்த்துவைத்து உருட்டி உருட்டி ரெக்கார்ட் செய்தேன். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவிநாசியிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தம் வந்து இறங்கியது, தங்கள் முகத்தைப் பெரிய திரையில் பார்க்க. திருமூர்த்தி சலவை வேட்டி சட்டையில் வந்திருந்தார். மோகனப்பிரியா என் பக்கத்தில் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடைவேளை விளக்கு எரிந்ததும் ஜனம் எழுந்து வாசலைப் பார்த்து நகர்ந்தது. போச்சு என்று நினைத்தேன்.

திரையில் ஹாரன் அலறியது. மூடுபனியில் லாரியின் சிவப்பு விளக்கு ஒரு வளைவில் திரும்பி மறைகிறது. அடுத்த வளைவில் லாரி இல்லை. தார் ரோட்டில் ஒரே ஒரு கேரட் உருண்டு வருகிறது. பின்னாலேயே திமுதிமுவென்று ஒரு மூட்டைக் கேரட். ஒரு வீட்டு மேஜையில் செல்போன் அடிக்கிறது. ஒரு கை அதை எடுக்கிறது. அவ்வளவுதான், இருட்டு.

கதவைத் திறந்து பிடித்திருந்தவர் திரும்பியபடி அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒருத்தரும் வெளியே போகவில்லை. "லாரி எங்கீங்க போச்சு?" என்று யாரோ பக்கத்து ஆளிடம் சத்தமாகவே கேட்டார். கேன்டீன்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, ஏன் யாரையும் காணோம் என்று விசாரித்தார். எனக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. தியேட்டர்காரர் கதிர்வேலின் தோளைத் தட்டி, வெள்ளிக்கிழமை காலை ஷோ உங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் திருமூர்த்தி நேராக எங்களிடம் வந்துவிட்டார். வேன் மொத்தமும் அவர் பின்னால். மோகனப்பிரியா எழுந்து நின்றாள்.

"ஏனுங்கம்மணி, எம்மூஞ்சியே வரலீங்களே," என்றார்.

"கை வந்துச்சுங்க," என்றாள்.

அவர் தன் வலதுகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அது தெரிஞ்சுதுங்க. ஆனா போன எடுத்து நான் என்னதான் பேசுனேன்? ஷூட்டிங் முடிஞ்சு ஒரு வருசமாச்சு, சுத்தமா மறந்துபோட்டேன். அந்தப்பக்கம் இருந்தது யாருங்க?"

சொந்தமெல்லாம் அவள் வாயையே பார்த்தது. மோகனப்பிரியாவுக்கு அந்த வசனம் தலைகீழ்ப் பாடம்.

"வெள்ளிக்கிழமை வந்து பாத்துக்கங்க," என்றாள்.