பெரட்டில் வாங்கிய சம்மதம்

ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களை எல்லாம் பல்கலைக்கழகக் கெம்பஸ்காரர்கள் பொலிஸுக்குக் கூப்பிடப் போகிறார்களாம். எல்கடுவ பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள் ஹம்சிகாவின் அம்மா.

பொலிஸ் கதை பொய் என்று ஹம்சிகாவுக்குத் தெரியும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்குப் பல்கலைக்கழகம் விதிகளைத் திருத்தியிருந்தது, அவ்வளவுதான். போன வருடம் குருதிச்சோகை ஆய்வுக்காகத் தன் தேயிலைத் தோட்டத்துப் பெண்களைச் சம்பளத்துக்குச் சேர்த்துக் கொடுத்தவள் அவள். அவர்கள் விரும்பித்தான் சம்மதித்தார்களா, எப்படிக் கேட்டீர்கள் என்று இப்போது எழுதிக் கையெழுத்திட வேண்டும். கேட்ட முறை பிழையென்றால் நூற்றுப்பன்னிரண்டு பேரின் ரத்தமும் குப்பைக்கு. ஆய்வை நடத்தும் விரிவுரையாளர் றிப்னாவின் மூன்று வருட உழைப்பு போகும். ஆய்வில் ஹம்சிகாவுக்குக் கிடைத்த வேலையும் போகும்.

எப்படிக் கேட்டாள்? லயம் லயமாக வீடுகளில் ஏறி இறங்க அலுப்பு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கே போய், கங்காணியிடம் பட்டியலை வாங்கிப் பெயர் கூப்பிட்டாள். ஒருத்திகூட மறுக்கவில்லை. "உங்களை எவ்வளவு நம்புறாங்க" என்று றிப்னா மெச்சியபோது பெருமை பிடிபடவில்லை.

மாலையில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பாப்பம்மாவை வழியில் மறித்தாள்.

"அக்கா, அன்னிக்கு ரத்தம் குடுக்க ஒங்களுக்கு விருப்பம் இருந்துச்சா?"

"இது என்னா கேள்வி? பேரு கூப்பிட்டீங்க, வந்தேன்."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"பெரட்டுல கூப்பிட்டா எவ வேணாம்பா? பக்கத்துல கங்காணி நிக்கிறாரு." பாப்பம்மா சிரித்தாள். "ஏன், திருப்பி ஊத்தப் போறாங்களா? நல்ல ரத்தமாப் பாத்து ஊத்தச் சொல்லுங்க."

கூடையை இறக்கி வைத்தபின் குரல் தணிந்தது. "எனக்கு ஊசின்னா பயம். அன்னிக்கு முழுக்கத் தலை சுத்து. கொழுந்து கொறஞ்சுபோச்சுன்னு அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான் போட்டாங்க. நம்ம தோட்டத்துப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாப்பம்மாவை அன்று ஹம்சிகா பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து படிவத்தை விரித்தாள். 'சுயவிருப்பத்துடன்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தாள், எடுத்தாள். கடைசியில் அதை வெறுமையாக விட்டு, கீழே எழுதினாள்: பெரட்டில், கங்காணி முன்னிலையில், பெயர் கூப்பிட்டு.

அனுப்புமுன் றிப்னா மிஸ்ஸிடம் வாயால் சொல்லிவிட வேண்டும். அழைத்தாள். மணி போனது, நின்றது. எடுக்காததே நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் கூசியது. மறுபடி அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.