குளியலறைத் தாழ்ப்பாள்

தங்கை குளிக்கப் போனால் பாடிக்கொண்டேதான் குளிப்பாள். பாட்டு நின்றால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனின் கையில் பேப்பர் மெல்லக் கீழே இறங்கும். "பாப்பா?" என்று குரல் வரும். "இருக்கேன், இருக்கேன்!" என்று அவள் கத்திய பிறகுதான் பேப்பர் மறுபடி மேலே ஏறும். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. சின்ன வயதில் வலிப்பு வந்து அவள் உள்ளே கிடந்தபோது கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். அன்றைக்கே அப்பா அதைக் கழற்றிவிட்டார்.

"கச்சேரி ஆரம்பிச்சாச்சு, டிக்கெட் யாருக்கு வேணும்?" என்பாள் அண்ணி. தங்கையும் சிரித்துவைப்பாள். நாற்பது தாண்டியும் ஒரு நாளாவது சத்தமில்லாமல், கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கவேண்டும் என்ற ஆசையை அவள் அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

வகுப்பில் வலிப்பு வந்து விழுந்ததோடு அவள் படிப்பு நின்றுபோனது. அண்ணன் படித்தார். மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்து, வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்வதே அவர் வேலை என்றாயிற்று. முதன்முதலில் அவர் பதிவுக் கம்பி ஒட்டியது தங்கையின் தலையில்தான். பதிவு முடியும்வரை அம்மா கட்டில் பக்கத்தைவிட்டு நகரமாட்டாள்.

அந்தப் பதிவுகளில்தான் அண்ணன் அதைக் கண்டார். வலிப்பின் பெரிய அலைகள் எழுவதற்குச் சற்று முன் சின்னதாக ஒரு நெளிவு. பிறகு வந்த நோயாளிகள் பலரிடமும் அதே நெளிவு. அதை எழுதித்தான் பட்டம் வாங்கினார், பெயர் வாங்கினார்.

"என் தலையை வெச்சுத்தானே உனக்கு டாக்டர் பட்டம்? பாதியைக் குடு."

"முழுசாவே எடுத்துக்கோ. நெளிவு வந்ததும் மணி அடிக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்யப்போறேன். மணி அடிச்சா நீயே கதவைத் திறந்துட்டு வெளிய வந்து உட்காரலாம். அது கைக்கு வந்த அன்னைக்கே உனக்குத் தாழ்ப்பாள்."

சொன்னதோடு நிற்காமல் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கியும் வந்தார். துணிக்கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பது தங்கையின் வேலை. தாழ்ப்பாளைப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தாள். டப்பாவில் கை விடும்போதெல்லாம் அது விரலில் படும்.

அம்மா போன பிறகு தங்கையின் பதிவுகளில் நெளிவு காணாமல் போனது. "வயசோட நோயும் மாறும் பாப்பா. நல்ல கருவி வந்தா நெளிவு மாட்டிக்கும்" என்றார் அண்ணன். அவளும் நம்பினாள்.

பதிவு அறையில் கேமரா வைத்தது ரொம்பத் தாமதமாகத்தான். வைத்த சில மாதங்களில் ஒரு மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அந்த நெளிவு மூளையோடது இல்ல பாப்பா."

"பின்ன?"

"கை. நோயாளி முகம் லேசா மாறினதும் கூட இருக்கிறவங்க பதறிப்போய்த் தலையில கை வைக்கிறாங்க. கம்பி அசையுது. அந்த அசைவைத்தான் நான் இத்தனை வருஷமா..."

"அப்போ என்னோடது?"

"அம்மா."

அவள் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள். "அம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கே. அதை வெச்சு எதுவும் செய்ய முடியாதா?"

"முன்னாடி இல்ல. அதுக்குள்ள வலிப்பு உள்ளே ஆரம்பிச்சிருக்கும். அம்மா கண்ணுக்குப் பட்டுது, கம்பிக்குப் படல. அவ்வளவுதான்."

"கூட யாருமே இல்லாதவங்க பதிவுல?"

"ஒண்ணுலகூட இல்ல. எல்லாத்தையும் பார்த்துட்டேன்." செருப்பைக் கழற்றியபடியே, "உன் பழைய பதிவு எல்லாம் அலமாரியில இருக்கு. பார்க்கிறியா?" என்றார்.

"எதுக்கு? கோடுதானே."

தன் கண்டுபிடிப்பு தவறு என்று அண்ணனே எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு மருத்துவமனை நடைவழியில் அவர் எதிரே வருபவர்களுக்கெல்லாம் திடீரென்று போன் வர ஆரம்பித்தது. அவரிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு அறைக்கு மாறிப்போனார்கள். "வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று அண்ணி புலம்பினாள். தங்கையும் மனதுக்குள் ஒருமுறை அதையே கேட்டுக்கொண்டாள். கேட்டதற்காக வெட்கப்பட்டாள்.

இப்போது அண்ணன் ஆராய்ச்சி எதுவும் செய்வதில்லை. பிற மருத்துவர்கள் அனுப்பும் நோயாளிகளுக்குக் கம்பி ஒட்டிப் பதிவெடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். தங்கைக்கு இன்னும் வலிப்பு வருகிறது, சொல்லாமல்தான் வருகிறது. பித்தளைத் தாழ்ப்பாள் டப்பாவில் கறுத்துக் கிடக்கிறது. குளியலறையில் அவள் பாடிக்கொண்டுதான் குளிக்கிறாள்.