வைகைச் சேறும் சித்தியும்

வைகை ஆற்றுச் சேற்றை எங்கே பார்த்தாலும் எனக்கு முகம் கூசும். அப்போது எட்டு வயது. வெள்ளம் வந்து வடிந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. அம்மாவின் தங்கையை அன்று மாலை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்காகவே சித்தி கிராமத்திலிருந்து சிம்மக்கல்லில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோரிப்பாளையத்துத் தையல்காரரிடம் புது ரவிக்கை வாங்கிவர அவள் புறப்பட்டபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

திரும்பும்போது பாலத்தில் ஏறாமல் ஆற்றுக்குள் இறங்கிப் போகலாம் என்று அடம்பிடித்தது நான்தான். வெள்ளம் விட்டுப்போன வண்டல் மேலே காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒவ்வொன்றாகத் தாவிப் போக ஆசை.

"வேணாம்டி, உங்கப்பா வைவாரு" என்றாள் சித்தி. அதற்குள் நான் ஓடிவிட்டேன்.

அக்கரையை நெருங்கும்போது ஒரு பாளம் உடைந்தது. உள்ளே கூழாகச் சேறு. இடுப்புவரை போய்விட்டேன். சித்தி பாய்ந்து வந்து என்னைத் தூக்கி வெளியே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் அவள் தொடைவரை புதைந்தாள். அசைய அசையக் கால் இன்னும் இறங்கியது. பக்கத்தில் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து, குப்புறப் படுத்து, அவளுடைய அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டார். செருப்பும் ரவிக்கைப் பொட்டலமும் சேற்றோடு போயின.

வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல்.

"யாரு ஆத்துக்குள்ள எறங்கச் சொன்னது?" என்றார் அப்பா.

அவர் கையின் கனம் எனக்குத் தெரியும். "சித்திதாம்ப்பா கூட்டிட்டுப் போச்சு" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா, "பெறகு எப்படித்தா வெளிய வந்தீங்க?" என்று அன்பாகக் கேட்டார்.

"துணி வெளுக்குற அண்ணே ஒருத்தரு சித்தியக் கட்டிப்பிடிச்சுத் தூக்குனாரு!" என்று கையை விரித்து நடித்தே காட்டினேன்.

அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்று எல்லோரும் எழுந்தார்கள். சொல்லி விடவேயில்லை.

அவர்கள் போனதும் சித்தி என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். தன் காலைக் கழுவாமல் முதலில் என்னை உட்காரவைத்து, நகக்கண்ணில் அப்பியிருந்த சேற்றை ஈர்க்குச்சியால் எடுத்தாள்.

"வலிக்குதாடி?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றேன். அப்பாவிடம் நான் சொன்ன பொய் அவள் காதில் விழவில்லை என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. அதைச் சொன்னபோது அவள் எனக்கு ஓரடி பின்னால்தான் நின்றிருந்தாள்.