பத்தரைக்குள் கொடுத்த கரண்ட்

பச்சை உறை போட்ட ஒரு செப்புக் கம்பி. நுனியில் உறையைச் சீவி, எதிலும் சேராமல், அடுப்பு மேடைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. அப்படிச் சுருட்டி வைத்தவன் நான்தான். அந்தச் சமையல்கட்டை இப்போது நினைத்தாலும் மற்ற எல்லாம் மங்கலாகிவிடுகிறது, அந்தக் கம்பி மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வயரிங் வேலைக்கு வந்தவன் நான். பாதியில் நின்றதாலோ என்னவோ எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். ஒரு ஸ்குரூவை மூன்று தடவை முறுக்குவேன். "அது அத்துக்கிட்டு வரப் போகுதுய்யா, விடு" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். காரைக்குடியில் பாதிப் பேர் என்னைக் கூப்பிடுவதே இந்தப் பயத்தை நம்பித்தான்.

அந்தப் பெரிய வீட்டு ஆச்சியும் அப்படித்தான் கூப்பிட்டார். ஐம்பது வயதுதான் இருக்கும், ஆனால் குரலில் வீடே நிற்கும். அவர்கள் வீட்டில் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பழைய கரண்ட் அடுப்பு ஒன்று இருந்தது. அதற்கென்றே மெயின் போர்டிலிருந்து தடித்த வயரில் தனி லைன். அடுப்பைக் கழற்றிவிட்டு, அதே லைனில் ஓவன், இண்டக்‌ஷன் அடுப்பு, கிரைண்டர் மூன்றையும் போட்டுத் தரவேண்டும் என்றார். "அம்புட்டுப் பெரிய அடுப்பு எரிஞ்ச லைனு, இந்த மூணையும் தாங்காதா?" என்று கேட்டார். தாங்கும்தான். ஆனால் கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து அணைக்கிற டிரிப்பர் சுவிட்ச், அந்த லைனில் தடித்த வயருக்கு ஏற்றதாக இருந்தது. கிரைண்டரின் மெல்லிய வயர் கருகினாலும் அது விழாது. அதனால் தனியாக ஒரு பெட்டி வைத்து, மூன்றுக்கும் அதது அளவுக்குச் சின்ன டிரிப்பர் போட்டேன். மூன்றும் சேர்ந்து ஓடினால் எவ்வளவு இழுக்கும் என்று சுவிட்ச் அட்டைப்பெட்டியின் பின்னால் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அதுவரை நான் நல்ல வேலைக்காரன்.

பாக்கி இருந்தது எர்த் மட்டும், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி. முன்பு போட்டவர்கள் எர்த் கம்பியைச் சுவரோரமாகத் தனியே கொண்டுவந்து, பழைய அடுப்பின் இரும்பு உடம்பில் மாட்டியிருந்தார்கள். அடுப்பை எடுத்ததும் அது தரையோரத்தில் நின்றுபோயிற்று. அதற்கும் என் பெட்டியிலிருந்து வந்த பச்சை வயருக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி. கையில் வயர் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புது அடுப்பில் பால் பொங்கியாக வேண்டும். அந்த வீட்டில் சமைக்கிற அக்கா, பால் சட்டிக்குக் குங்குமம் வைத்து ஏந்திக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, முடிஞ்சுச்சா? நேரம் போகுது."

"ஒரு கம்பி பாக்கி இருக்கு ஆச்சி."

"அது இல்லாட்டி அடுப்பு எரியாதா?"

"எரியும்" என்றேன். அவர் கேட்டதற்கு அது சரியான பதில்தான். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கரண்ட் கொடுத்தேன். பால் பொங்கியது. "நாளைக்கு வந்து ஒரு சின்ன வேலை பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினேன்.

மறுநாள் கண்டரமாணிக்கத்தில் மோட்டார் வேலை வந்தது. ஞாயிறும் அங்கேயே போயிற்று. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி ஞாபகம் வந்தது. போன் போட்டு, 'கிரைண்டரைத் தொடாதீக' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அப்பறம் எதுக்குக் கரண்டைக் குடுத்துட்டுப் போனே' என்று கேட்பார்களே. அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். இவ்வளவு பயப்படுகிறவன், பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிரைண்டருக்குள் எங்கோ கசிந்த கரண்ட், எர்த் வழியாகப் போக இடமில்லாமல், அதன் எவர்சில்வர் உடம்பிலேயே நின்றிருக்கிறது. அக்கா தொட்டிருக்கிறார். கரண்ட் தூக்கி எறிந்ததில் மணிக்கட்டு கல் தொட்டியில் மோதி உடைந்துவிட்டது.

நான் ஓடிப்போனபோது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஈரக்கையோட தொட்டுருக்கா. எத்தனை வாட்டி சொல்றது இவளுக்கு" என்றார் ஆச்சி. மேடைக்குக் கீழே குனிந்து, கொண்டுபோயிருந்த வயரை வைத்து எர்த்தைச் சேர்த்தேன். இரண்டு நிமிஷ வேலை. எழுந்து, "கரண்ட் விஷயத்துல ஈரக்கை ஆகாது ஆச்சி" என்றேன். என் வாயிலிருந்து வந்ததுதான் அது. அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமா என்று பார்ப்பதுபோல.

அன்றோடு அவருக்கு அந்த வீட்டு வேலை போயிற்று. கவனமில்லாதவள் என்ற பேச்சு பரவியதால் வேறு வீடுகளிலும் சேர்க்கவில்லை.

நாலு வருஷம் கழித்து, போன மாதம், அவரே என்னைக் கூப்பிட்டார். கோவிலூர்ப் பக்கம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். மகள் பெரிய கிரைண்டர் வாங்கித் தந்திருந்தாள், அதற்கு லைன் போட வேண்டும். முதலில் எர்த்தைத்தான் சோதித்தேன். பக்கத்தில் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஈரக்கையோட தொட்டுறாத. உங்காத்தா செஞ்ச கூத்துல ஒரு வேலையே போச்சு. இந்தத் தம்பிதான் பாவம், அன்னைக்கு ஓடியாந்துச்சு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா தன் உள்ளங்கையை மறுபடியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு நான் உளுந்தே நனைக்கல தம்பி, சும்மா ஓடுதான்னு போட்டுப் பாத்தேன். கை காஞ்சுதான் இருந்துச்சு. எல்லாரும் சொல்லவும், நீயும் சொல்லவும், ஈரமாத்தான் இருந்துருக்கும்னு நானே நம்பிட்டேன்" என்றார். உடனே நிமிர்ந்து, "எங்கிட்டச் சொல்லி என்ன? அவுககிட்டச் சொல்லு. இப்பவே போனைப் போடு, நானும் கேக்கணும்" என்றார்.

ஆச்சி இப்போது சென்னையில் இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டு, திக்கித் திக்கிச் சொன்னேன். அக்காவின் கையில் ஈரமே இல்லை, தப்பு என்னுடையது என்று இரண்டு தடவை சொன்னேன்.

"யாரு... அவளா?" என்றார் ஆச்சி. "அது ஆச்சேப்பா எம்புட்டோ நாளு. நீ வேணும்னா செஞ்சே? இருக்கட்டும், விடு. அடுத்த மாசம் சாமி கும்பிட, படைப்புக்கு ஊருக்கு வாரோம். ஓவன்ல லைட்டு எரியல, வந்து பாத்துரு."

போன் அடங்கியது. அக்காவின் மகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு ஒரு நிமிசத்துல விட்டுட்டாக, பாத்தியா" என்றார் அக்கா. குரலில் கோபமில்லை. கணக்கு சரிதானா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அன்றைக்கு அந்தச் சமையல்கட்டில் 'இருக்கட்டும், விடு' என்று அவருக்காக ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் அங்கேதான் நின்றேன்.