வெள்ளை குறைய வேண்டும் என்று கேட்டேன்

1986ஆம் ஆண்டு பங்குனி மாதம் என் மனைவி கிறேசுக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அழுகையும் வரவில்லை. உடுவிலில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தேன். சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வந்தேன்.

மூன்றாவது ஊசி மருந்துக்குப் பிறகு இரத்தம் சோதித்தார்கள். நேர்ஸ் பிள்ளை சோதனைத் துண்டுச்சீட்டைப் பார்த்து, "வெள்ளை நல்லாக் குறைஞ்சு போச்சு, அண்ணை" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிளகாயில் வெள்ளைப்பூச்சி விழுந்தால் தோட்டமே போய்விடும். இரத்தத்திலும் வெள்ளை குறைவது நல்லதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான். அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்தேன். "வெள்ளை குறைஞ்சதுக்கு ஸ்தோத்திரம். இன்னும் குறைய ஜெபியுங்கோ." எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

முன்பு நேர்ஸாக இருந்த ஓர் அக்கா மட்டும் சொல்லவில்லை. "தம்பி, வெள்ளை அணு எல்லோ காய்ச்சல் வராமல் காக்கிறது. உது கூடவேணும். இப்ப ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் ஆள் தப்பிறது கஷ்டம். கூடினால்தான் அடுத்த ஊசியும் போடுவினம்."

என் மனைவியின் உயிருக்கு எதிராக நானே ஜெபம் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் அவளிடம் சொன்னேன். "என்ரை ரத்தத்தையும் மிளகாய்த் தோட்டமெண்டு நினைச்சிட்டியளே?" முடி கொட்டிய தலையோடு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஜெபிக்கவே பயம். முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எது கூடவேணும், எது குறையவேணுமெண்டு உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். காலையும் மாலையும் அதுவே. அடுத்த கிழமை சோதித்தார்கள். கூடவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஆனால் காய்ச்சல் அவளை அண்டவில்லை.

மூன்றாம் கிழமை அதே நேர்ஸ் பிள்ளை, "கூடியிட்டுது, அண்ணை" என்றாள்.

"பிள்ளை, கூடினது நல்லதோ, கெட்டதோ?"

"நல்லது அண்ணை, நல்லது! நாளைக்கு ஊசி போடலாம்."

அப்போதும் மகிழ்ச்சி வரவில்லை. தோட்டத்தில் வாய்க்காலைத் திருப்பும்போது மண்வெட்டி கையைவிட்டு விழுந்தது. வரம்பில் குந்தியிருந்து அழுதேன். பங்குனிக்குப் பிறகு அதுதான் முதல் அழுகை.

எட்டு வருடமாகிறது. கிறேசின் முடி வளர்ந்து, இப்போது நரைத்தும்விட்டது. நான் ஜெபக்கூட்டத்தில் கூச்சத்தோடாவது எழுந்து நிற்கிறேன். என்ன கேட்பதென்று தெரியாதவர்கள் என் பக்கத்தில் வந்து முழங்காலில் நில்லுங்கள். நான் பிழையாகக் கேட்டதைக் கேட்டும், அதைச் செய்யாமல் விட்டவர் அவர்.