கூரைப் பாலமும் வெர்னனின் லாரியும்

பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, வெர்னன் பீஸ்லி இரண்டு முறை ஹாரன் அடிக்கிறார். எதிரே யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்கிறார். இரண்டு லாரிகள் தாராளமாக ஒதுங்கிப் போகிற கான்கிரீட் பாலம் இது. பின்னால் மாட்டிக்கொண்டு நான் பல்லைக் கடிப்பேன். அவரோ கையாட்டிவிட்டு ஊர்வார்.

முன்பு இங்கே நின்ற மரப்பாலம் ஒற்றை வழி. மேலே கூரை, இருபுறமும் பலகைச் சுவர், பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. குளிர்காலத்தில் குதிரைகள் இழுக்கும் சறுக்குவண்டி பனிமேல்தான் ஓடும்; பாலத்துக்குள்ளும் ஓட வேண்டுமே! வெளியே கிடக்கும் பனியை வாரி உள்ளே கொட்ட ஊர் ஓர் ஆளை வைத்திருந்தது. வெர்னனின் தாத்தாதான் அந்த ஆள். கூரை போட்டுப் பனியைத் தடுத்துவிட்டு, கூலி கொடுத்து அதையே உள்ளே அள்ளிப்போட்ட புண்ணியவான்கள் எங்கள் வெர்மான்ட் மாநிலத்துக்காரர்கள்.

வெள்ளத்தில் பாலம் மிதந்து போகாமலிருக்க, அந்தக் காலத்தில் கல் ஏற்றிய வண்டிகளை அதன்மேல் நிறுத்துவார்கள். ஊர்ச் சாலைகளுக்குப் பொறுப்பாக இருந்தபோது, ஒரு வெள்ளத்தில் வெர்னனும் அதையே செய்தார். ஆனால் அவர் நிறுத்தியது ஜல்லி நிறைந்த பத்துச் சக்கர லாரி. தண்ணீர் பாலத்தின் தளத்தைத் தொடுவதற்குள், பாரம் தாங்காமல் பாலம் நடுவில் முறிந்து லாரியோடு ஆற்றில் போய்விட்டது. நல்லவேளை, மனிதர் இறங்கியிருந்தார்.

ஊர்க் காப்பிக் கடைக்காரர் இன்னும் கேலியை விடுவதில்லை. “யோவ் வெர்னன், வண்டியத் தள்ளி நிறுத்து. கடை தாங்காது.”

“காப்பியக் குடுப்பா. இதவிட அந்த ஆத்துத் தண்ணி கெட்டியா இருந்துச்சு.”

இதற்காகவே எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

இந்த மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், பாலம் நின்ற இடத்தில் வைக்கப்போகும் நினைவுப் பலகை பற்றிப் பேச்சு வந்தது. ‘வெள்ளம் கொண்டுபோனது’ என்று மட்டும் எழுதலாம் என்றார்கள். கிழவரின் மானத்தைக் காப்பாற்றத்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

முன் வரிசையில் வெர்னன் நெளிந்தார். மனைவி ஆர்லீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பேசாம உக்காரு. ஊரே உனக்காகத்தான் பொய் சொல்லுது.”

“ஆறு என்னடி பண்ணுச்சு? அது பாட்டுக்குப் போய்ட்டிருந்துச்சு. ஒடைச்சவன் நான்.”

“சம்மதம்னா கையத் தூக்குங்க,” என்றார் தலைவர். கூடமே தூக்கியது. நானும் தூக்கினேன், ஆர்லீனும் தூக்கினாள்.

“வேணாங்கிறவங்க?”

வெர்னன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துவிட்டு, தன்னந்தனியாகக் கையைத் தூக்கினார்.