மட்டாஞ்சேரிக்கு எடை பார்க்கப் போனோம்

போன மாதம் முதல் சனிக்கிழமை போனது. எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. குழந்தைகளின் எடையைக் கவனிக்க மட்டாஞ்சேரியில் ஊர்க்காரர்களே சேர்ந்து வாராவாரம் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் மகள் மீனுவோடு கிளம்பினேன். அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் அவள் எடையை வகுப்பே கேட்க வாசித்துவிட்டார்கள். அன்றிலிருந்து டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது.

"நம்பரை யாரும் சத்தமா சொல்லக் கூடாது. சொன்னா இனி வரமாட்டேன்" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

வைட்டிலா ஹப் பஸ் நிலையத்தில் காலை 8.40க்குப் பஸ். தேவரா, தோப்பும்படி வழியாகச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். எனக்கு இருபது ரூபாய், மீனுவுக்குப் பத்து. கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்து, ஃபுல் டிக்கெட் அல்லவா என்றார். ஒன்பது வயதுதான் சேட்டா என்றேன். மீனு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வளர்ந்த இடம் மட்டாஞ்சேரி. பாதிக் கிடங்குகள் காபிக் கடைகளாகிவிட்டாலும் சுக்கு வாசனை அப்படியே இருக்கிறது. அப்பா மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தார். சாப்பாடு கொண்டுபோனால், மூட்டை நிறுக்கும் தராசில் என்னைத் தூக்கி நிறுத்துவார்கள். "இருபத்திநாலு!" என்று ஒருவர் கத்த, "இன்னும் அரை மூட்டைகூட ஆகலையேடி" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அடுத்த முறை கூட வேண்டுமென்று இரண்டு தோசை அதிகம் சாப்பிடுவேன். அந்தக் கிடங்கின் கதவைக் காட்டி மீனுவிடம் இதைச் சொன்னேன்.

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ அழலையா?"

இல்லை என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

கூட்டம் ஒரு வாசகசாலையின் மாடியில், பத்து மணிக்கு. நடத்துவது ஷைலா சேச்சி, ஓய்வுபெற்ற நர்ஸ். யாரும் உணவுப் பட்டியலை நீட்டவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் பேசி, சிப்ஸைப் பின்னால் தள்ளி அவித்த கடலையை முன்னால் வைக்கச் செய்திருக்கிறார்கள். மற்றபடி இரண்டு மணி நேரமும் விளையாட்டுதான். எடை மட்டும் திரைக்குப் பின்னால். குழந்தை எண்ணுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.

மீனு ஏறினாள். எனக்கு என்ன ஆனதோ, "எத்தனை சேச்சி?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். கிடங்கில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. திரைக்கு வெளியே பேச்சு நின்றது. மீனு இறங்கிச் செருப்பை மாட்ட ஆரம்பித்தாள்.

சேச்சி நோட்டை மூடினார். இங்கே வீட்டுப் பெரியவர்களுக்கும் எடை பார்ப்பதுதான் வழக்கமாம். "அம்மாவும் ஏறணும்" என்றார். பிரசவத்துக்குப் பிறகு நான் எடை பார்த்ததே இல்லை. நகராமல் நின்றேன்.

ஒற்றைச் செருப்போடு மீனு என்னைப் பார்த்தாள். "நான் பார்க்கமாட்டேன்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பி, காதையும் பொத்திக்கொண்டாள்.

ஏறினேன்.

போக நினைப்பவர்களுக்கு: காசு கிடையாது. பெரியவர்களும் விளையாட வேண்டும், அதற்குத் தோதான உடையில் போங்கள். திரும்ப 12.30க்குப் பஸ் இருக்கிறது. எண்ணைச் சேச்சி தனியாகச் சொல்வார். அதுவரை வாயை மூடிக்கொண்டிருங்கள். நாங்கள் இதுவரை நான்கு சனிக்கிழமை போய்விட்டோம். என் எடையை மீனு இன்னும் கேட்கவில்லை.